பூதம் எத்தனை நிமிஷம் தோன்ற வேண்டும்?

இராட்சதப் பிராணிகளைக் கதைப்பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் வெளிவரும்போதெல்லாம் இரசிகர்களிடையே ஒரு விசித்திரமான கணக்குத் தொடங்கிவிடுகிறது. பூதம் திரையில் எத்தனை நிமிஷம் தோன்றிற்று என்று கடிகாரம் பிடித்து எண்ணுகிறார்கள். 2014ஆம் ஆண்டு ஹொலிவுட்டிலிருந்து வந்த ‘கொட்சில்லா’ படத்தின் பின்னர் இக்கணக்கு ஒரு பெரிய வழக்காகவே மாறிவிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேலாக ஓடும் அப்படத்தில், படத்துக்குப் பெயர் தந்த பிராணி கண்ணிற் படுவது ஏறக்குறையப் பத்து நிமிஷமே. எண்ணியவர்களுக்குள்ளும் ஓரிரு நிமிஷ வேறுபாடு உண்டு. பாதம் மட்டும் தெரிந்தால் அதைக் கணக்கிற் சேர்ப்பதா, முதுகின் முட்கள் நீருக்கு மேலே ஓடினால் அதை விட்டுவிடுவதா என்பதில் அவர்கள் ஒருமைப்படவில்லை.

பணம் கொடுத்துப் பூதத்தைப் பார்க்கப் போனவன் பத்து நிமிஷத்துடன் திருப்பி அனுப்பப்பட்டால் முறையிடுவது நியாயந்தானே என்று தோன்றும். அம்முறைப்பாட்டை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. யானைப் பந்திக்குப் போனவனுக்கு வாலை மட்டும் காட்டி அனுப்பினால் அவன் கோபிக்கத்தான் செய்வான். ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. 1975இல் வெளிவந்த ‘ஜோஸ்’ படத்திலே சுறா திரையில் நிற்கும் நேரம் இதனிலும் குறைவு. அதைப் பார்த்தவர்களுள் ஒருவரேனும் சுறா போதவில்லை என்று குறைப்பட்டதாக நாம் கேட்டதில்லை. பல பேர் கடலிற் குளிக்கவே அஞ்சினார்கள். ஆகவே நிமிஷங்களின் தொகையில் ஏதோ ஒன்று அடங்காமல் நழுவிப் போகிறது. பூதம் இல்லாத நிமிஷங்களில் திரையில் யார் நிற்கிறார்கள், அவர்கள் எதைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள் என்று பார்த்தாலன்றி இந்தக் கணக்குச் சரிவராது.

இவ்வகைப் படங்களுக்கெல்லாம் மூதாதை என்று கொள்ளத்தக்கது 1933இல் மெரியன் கூப்பரும் எர்னஸ்ட் ஷோட்சாக்கும் இயக்கிய ‘கிங் கொங்’. நூறு நிமிஷம் ஓடும் அப்படத்தில் கொங் என்னும் பெருங்குரங்கு முதன்முதலாகத் தோன்றுவதற்கு முக்கால் மணித்தியாலம் செல்கிறது. அதுவரை என்ன நடக்கிறது? கப்பல் போகிறது, பனிமூட்டம் சூழ்கிறது, முரசொலி கேட்கிறது. இவற்றினிடையே, அவசரக்காரர்கள் கவனியாமல் விட்டுவிடக்கூடிய ஒரு சிறு காட்சி வருகிறது. படமெடுப்பவனான டெனம், கதாநாயகியைக் கப்பலின் மேற்தட்டிலே நிறுத்திக் கமராவைச் சுழற்றுகிறான். மேலே பார்க்கச் சொல்கிறான். இன்னும் மேலே, அதற்கும் மேலே என்கிறான். அங்கே ஏதோ ஒன்று நிற்பதாக எண்ணி வியக்கச் சொல்கிறான். பின் அஞ்சச் சொல்கிறான். கடைசியில் அலறும்படி ஏவுகிறான். அவள் வெறும் ஆகாயத்தை நோக்கி அலறுகிறாள். மேலேயிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாலுமி, இவள் உண்மையில் எதைக் காணப் போகிறாள் என்று இவன் நினைக்கிறான் எனத் தன் தலைவனிடம் கேட்கிறான்.

கொங்கின் உண்மையான முதற் பிரவேசம் இதுவே என்பது எமது அபிப்பிராயம். கடிகாரக்காரர்களின் கணக்கில் இது வராது. ஆயினும் அப்பெண்ணின் கண்கள் எவ்வளவு உயரத்துக்கு நிமிர்ந்தனவோ அவ்வளவு உயரமான ஒரு பிராணியை நாம் அப்போதே மனத்தில் நிறுத்திவிட்டோம். பின்னர் வில்லிஸ் ஓ’பிரையன் என்னும் கலைஞர் செய்து காட்டியது சுமார் 18 அங்குல உயரமுள்ள பொம்மை. முயல் தோல் போர்த்தது. அதன் கையைச் சிறிது நகர்த்தி ஒரு படம், இன்னும் சிறிது நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்தார்கள். ஒரு விநாடிக்கு 24 படங்கள் வேண்டும். கொங்கின் உடலில் உரோமம் எப்போதும் காற்றில் அசைவதுபோற் சிலிர்த்துக்கொண்டிருக்கும். அது காற்றன்று, ஒவ்வொரு முறை பொம்மையைத் தொட்டபோதும் கலைஞரின் விரல் பட்ட தடம். அந்தப் பொம்மையை மலையாக்கியதிற் பாதிப் பங்கு, கப்பலில் வெறுமையை நோக்கி அலறிய நடிகை பே ரேயுடையது.

கதகளியில் இதையொத்த ஒரு முறை உண்டு. அசுர வேடம் அரங்குக்கு வரும்போது இருவர் திரையைப் பிடித்து நிற்பார்கள். முதலில் முடி தெரியும். பின் திரையின் விளிம்பைப் பற்றும் விரல்கள். நெடுநேரம் கழித்து கண்கள். திரைநோக்கு என்று அதைச் சொல்வார்கள். செண்டை அதிர, திரை இழுபட்டுக் குலுங்க, உள்ளே நிற்பவன் எத்துணைப் பெரியவன் என்பதை ஒரு சாண் துணி நமக்கு உணர்த்திவிடும். கம்பனும் கும்பகருணனைக் களத்துக்கு அனுப்புமுன் அவனை எழுப்புவதற்கே எத்தனை பேரைப் படாத பாடு படுத்துகிறான்! கூப்பரும் ஷோட்சாக்கும் இவற்றை அறிந்திருக்க நியாயமில்லை. வேலை ஒன்றாதலால் உபாயமும் ஒன்றாகிவிட்டது.

ஆனால் கொங் ஒருமுறை வெளிப்பட்ட பின்னர் ஒளித்து வைக்கப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிற்பாதி முழுவதும் அவனே நிறைந்திருக்கிறான். அவன் சண்டையிடுகிறான், விரும்புகிறான், ஏமாற்றப்படுகிறான், நியூ யோர்க் நகரின் உச்சிக் கட்டடத்திலிருந்து வீழ்ந்து மடிகிறான். அதாவது அவன் ஒரு பாத்திரம். பாத்திரமாகிவிட்ட பூதத்துக்கு நிமிஷக் கட்டுப்பாடு தேவையில்லை. மனிதப் பாத்திரத்துக்கு நாம் அப்படி ஒன்றை விதிப்பதில்லையே. சிக்கல் எழுவது பூதம் ஒரு பேரழிவாக வரும்போதுதான். புயலுக்கும் பூகம்பத்துக்கும் முகம் உண்டா? எத்தனை நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? இக்கேள்விக்கு முகங்கொடுத்தவர்கள் யப்பானியர்.

1954ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி பசிபிக் சமுத்திரத்தின் பிகினித் தீவில் அமெரிக்கா ஓர் ஐதரசன் குண்டைப் பரிசோதித்தது. எதிர்பார்த்ததனிலும் மிகப் பெரிதாக அது வெடித்தது. அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு யப்பானியப் படகின்மீது வெண்சாம்பல் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் கதிரியக்க நோயுடன் கரை திரும்பினர். படகின் பெயர் ‘அதிர்ஷ்ட நாகம்’ என்று பொருள்படுவது என்பது காலத்தின் கொடிய பரிகாசம். அதன் வானொலி இயக்குநர் குபோயாமா ஐக்கிச்சி அவ்வருடம் செப்டெம்பர் 23ஆந் திகதி உயிர் நீத்தார். அவர் இறந்த நாட்களிலே தோஹோ நிறுவனத்தின் படப்பிடிப்புக் கூடத்தில் ஹொண்டா இஷிரோ என்னும் நெறியாளர் ‘கோஜிரா’ படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். நவெம்பர் 3ஆந் திகதி அது வெளிவந்தது. கடலில் ஒரு பேரொளி. மேற்தட்டில் இசைமீட்டிக் களித்திருந்த கப்பற்காரர் அதிலே அகப்பட்டு எரிகிறார்கள்: இதுதான் அப்படத்தின் முதற்காட்சி. கொட்டகையில் இருந்தவர்களுக்கு விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை.

ஹொண்டா சீனப் போர்முனையிற் பல்லாண்டு கழித்தவர். போர் முடிந்து தாயகம் மீண்டபோது ஹிரோஷிமாவின் அழிவைத் தம் கண்ணாற் கண்டவர். தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த சுபுராயா எய்ஜி, ‘கிங் கொங்’ படத்தைக் கண்ட நாளிலிருந்து அத்தகைய ஒன்றைத் தாமும் செய்ய வேண்டும் என்ற தாகத்தோடு இருந்தவர். ஆனால் ஓ’பிரையனின் முறைப்படி பொம்மையை நகர்த்தி நகர்த்தி எடுப்பதற்கு வேண்டிய ஆண்டுகள் அவரிடம் இல்லை. சில மாதங்களே இருந்தன. எனவே ஒரு மனிதனுக்குப் பூதத்தின் உடையை அணிவித்துச் சிறிய நகரொன்றின்மீது நடக்கவிட்டார். முதலிற் செய்த உடை ஏறக்குறைய 100 கிலோகிராம் எடை. அதற்குள்ளே புகுந்த நடிகர் நகாஜிமா ஹருவோ சில அடி தூரம் நடப்பதே பெரும்பாடாக இருந்தது; விளக்குகளின் வெப்பத்தில் வியர்வை உடையினுள்ளே தேங்கிற்று. நகரக் கட்டடங்கள் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவினவாகச் செய்யப்பட்டன. கமராவை வேகமாக ஓடவிட்டுப் படம் பிடித்து, பின் இயல்பான வேகத்தில் ஓட்டியதால் மனிதனின் அசைவு மலையின் அசைவாக மந்தமுற்றது. கறுப்பு வெள்ளையும் இரவுக் காட்சியும் தையல்களை மறைத்தன.

ஆக, கோஜிரா அரிதாகத் தோன்றுவதற்கு முதற் காரணம் வறுமை என்றே சொல்லிவிடலாம். நீண்ட நேரம் காட்டினால் குட்டு வெளிப்படும். ஆனால் வறுமையினால் நேர்ந்த வெற்றிடத்தை ஹொண்டா எதனால் நிரப்பினார் என்பதிலேதான் அவருடைய கலை இருக்கிறது.

ஓடோ என்னும் தீவிலே புயல் இரவொன்றில் ஒரு வீடு நசுங்குகிறது, ஒருவன் இறக்கிறான். என்ன வந்தது என்பது நமக்குத் தெரிவதில்லை. மறுநாள் ஆராய்ச்சியாளர் வருகிறார்கள். கிணற்று நீர் கதிரியக்கத்தால் நஞ்சாகியிருக்கிறது. நிலத்திலே குளம்போன்ற ஒரு பள்ளம். அது காலடி என்பதைச் சற்றுத் தாமதித்தே உணர்கிறோம். அதனுள்ளே, பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன கடற்பிராணியின் உடலொன்று கிடக்கிறது. பின்னர் அபாய மணி ஒலிக்கிறது. மக்கள் குன்றின்மேல் ஓடுகிறார்கள். குன்றின் மறுபுறமிருந்து ஒரு தலை எழுகிறது. தலை மட்டுமே, அதுவும் பட்டப் பகலில் சில விநாடிகள். எல்லாரும் விழுந்தடித்துத் திரும்பி ஓடுகிறார்கள். மீண்டும் உச்சிக்கு ஏறிப் பார்க்கும்போது பிராணி இல்லை. கடற்கரை மணலில் நீரை நோக்கிச் செல்லும் அடிச்சுவடுகள் மாத்திரம் இருக்கின்றன. படம் தொடங்கி இருபது நிமிஷத்துக்கு மேலாகிவிட்டது. நாம் கண்டது ஒரு தலை. ஆயினும் அந்த இருபது நிமிஷத்திற் கோஜிரா இல்லாத நிமிஷம் எது?

ஒலியையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. இசையமைப்பாளர் இஃபுகுபே அக்கிராவின் யோசனைப்படி, பெரிய நரம்பு வாத்தியமொன்றின் தளர்த்திய தந்தியைப் பிசின் பூசிய தோற் கையுறையால் உரசி அந்தப் பிளிறலை உண்டாக்கினார்கள். உடை அணிந்த மனிதன் களைத்து உட்கார்ந்திருந்த வேளையிலும் அவ்வொலி களைக்கவில்லை. எத்தனையோ காட்சிகளிற் பிராணியின் வேலையை ஒலியே செய்துவிடுகிறது.

இனி, டோக்கியோ எரியும் இரவுக்கு வருவோம். பூதம் அதிக நேரம் தோன்றும் பகுதி இதுவே. இங்கும் ஹொண்டா கமராவை அடிக்கடி கீழே இறக்குகிறார். கட்டடம் ஒன்றின் அடியிலே ஒரு தாய் தன் குழந்தைகளை அணைத்தபடி குந்தியிருக்கிறாள். இன்னும் சிறிது நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்று அவர்களைத் தேற்றுகிறாள். அப்பா எங்கே போனார் என்பதை 1954ஆம் ஆண்டின் பார்வையாளர் கேட்டிருக்க மாட்டார்கள். 1945 மார்ச் 10ஆந் திகதி ஒரே இரவில் அந்நகரத்திலே ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் குண்டுத் தீயில் மாண்டார்கள். அதற்குப் பின் ஒன்பது வருடங்களே கடந்திருந்தன. விடிந்ததும் மருத்துவமனை. தாழ்வாரமெங்கும் தரையிலே காயம்பட்டோர். ஒரு சிறு குழந்தையின் அருகே கதிரியக்கத்தை அளக்கும் கருவியைப் பிடித்துப் பார்த்த வைத்தியர், ஒன்றும் பேசாமல் தலையை அசைக்கிறார். பூதம் அப்போது கடலுக்குள் போய்விட்டது. படத்திலேயே மிகக் கொடிய கோஜிராக் காட்சி எது என்று எம்மைக் கேட்டால் இதையே சுட்டுவோம்.

இப்படம் அமெரிக்காவுக்குப் போன கதை எமது வாதத்துக்கு எதிர்பாராத ஒரு சான்றாக அமைந்துவிட்டது. 1956இல் அதை வெட்டித் தைத்து, ரேமண்ட் பேர் என்னும் நடிகரை அமெரிக்க நிருபராகப் புகுத்தி, 96 நிமிஷத்தை 80 நிமிஷமாகக் குறைத்து வெளியிட்டார்கள். பூதத்தின் அட்டகாசம் பெரும்பாலும் எஞ்சியது. போனவை மனிதரின் பேச்சுக்கள். மின்சார ரெயிலிலே ஒரு பெண், நாகசாகியிலிருந்து உயிர் தப்பி வந்தேன், இப்போது இதுவா என்று அலுத்துக்கொள்ளும் சிறு காட்சி போயிற்று. இத்தகைய பரிசோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா எங்கேனும் தோன்றலாம் என்று கிழவரான விஞ்ஞானி கடைசியிற் சொல்லும் எச்சரிக்கை போயிற்று; நிருபரின் நம்பிக்கை நிறைந்த வார்த்தைகள் அவ்விடத்தைப் பிடித்தன. மூலப்படத்தை அமெரிக்கப் பொதுமக்கள் கொட்டகைகளிற் பரவலாகக் காண்பதற்கு 2004 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கடிகாரம் பிடிப்போரின் கணக்கிலே 1956ஆம் ஆண்டுப் படத்திற் பூதத்தின் பங்கு கூடியிருக்கும். பூதமோ சிறுத்துவிட்டது.

பின்வந்த காலத்தில் யப்பானியரே அதைச் சிறுக்க வைத்தார்கள் என்பது வேறு கதை. 1964இல் பூதங்கள் ஒன்றுகூடி ஆலோசனை நடத்த, இரு சிறு தேவதைகள் அதை மொழிபெயர்த்தார்கள். 1967இல் கோஜிராவுக்கு ஒரு மகன் வந்து சேர்ந்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள், அதில் எமக்கு ஆட்சேபம் இல்லை. பாத்திரமாகிவிட்டபடியால் எத்தனை நிமிஷமும் ஆடலாம். அச்சம் மட்டும் விடைபெற்றுவிட்டது.

‘ஜோஸ்’ படத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ஸ்பீல்பேர்க்கின் இயந்திரச் சுறா உப்புநீரில் இறங்கியதும் பழுதாகிவிட, அவர் வேறு வழியின்றி நீரின் பரப்பையும் ஜோன் வில்லியம்ஸின் இசையையும் மூன்று மஞ்சள் பீப்பாக்களையும் கொண்டு சமாளித்தார். சுறா தலையை உயர்த்தி நன்றாகக் காட்சி கொடுக்கும்போது ஒரு மணி 20 நிமிஷம் ஆகிவிடுகிறது. 1993இல் அவரே எடுத்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் இயந்திரம் பழுதாகவில்லை. கணினியும் கைக்கு வந்துவிட்டது. ஆயினும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட அப்படத்தில் அப்பிராணிகளுக்கு அவர் அளித்தது ஏறக்குறையப் பதினைந்து நிமிஷமே. ஒரு குவளை நீரில் எழுந்த வட்டங்களை யார் மறந்தார்கள்? கட்டாயத்தாற் கற்றதை அவர் வசதி வந்த பின்னும் கைவிடவில்லை.

அப்படியானால் 2014ஆம் ஆண்டுக் ‘கொட்சில்லா’ ஏன் பலரை ஏமாற்றிற்று? அதன் நெறியாளர் காரத் எட்வர்ட்ஸ் இந்தப் பாடங்களையெல்லாம் ஓதி உணர்ந்தவர். 2010இல் மிகச் சிறிய முதலீட்டில், தந்திரக் காட்சிகளைத் தாமே கணினியிற் செய்து, ‘மொன்ஸ்டர்ஸ்’ என்ற படத்தை எடுத்துப் பெயர் பெற்றவர். ஹொனலூலு விமான நிலையத்திலே கொட்சில்லாவின் பாதம் இறங்குகிறது, கமரா மெல்ல மெல்ல மேலேறி முகத்தை அடைகிறது, பிளிறல் எழுகிறது. அடுத்த கணம் நாம் ஒரு வீட்டின் வரவேற்பறையில் இருக்கிறோம். சிறுவன் ஒருவன் தொலைக்காட்சியில் அந்தச் சண்டையின் துணுக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னோரிடத்திற் பூதங்கள் மோதத் தொடங்கும்போது புகலிடத்தின் கதவு நம் முகத்திலே சாத்தப்படுகிறது. இவை துணிவான உபாயங்கள் என்பதை மறுக்க மாட்டோம். செந்நிறப் புகையின் ஊடே சிப்பாய்கள் வானிலிருந்து குதிக்க, அவர்களுள் ஒருவனின் கண்ணாடி வழியாகக் கொட்சில்லாவின் விலா ஒரு மதில்போலக் கடந்து செல்லும் காட்சி, எத்தனை முறை பார்த்தாலும் மயிர்க்கூச்செறிய வைப்பது.

குறை வேறெங்கோ இருக்கிறது. அப்படத்தில் உள்ளம் வெந்து நிற்கும் ஒரே மனிதர், மனைவியை அணு உலை விபத்திற் பறிகொடுத்த தகப்பனார். பிரையன் கிரான்ஸ்டன் அப்பாத்திரத்தை உருக்கமாக நடித்தார். அவர் படத்தின் முற்பகுதியிலேயே இறந்துவிடுகிறார். எஞ்சும் மகன், பூதங்கள் போகுமிடமெல்லாம் போகிறான், பார்க்கிறான், ஓடுகிறான். அவன் எதற்கும் குற்றவாளியல்லன். கதவு சாத்தப்படும்போது நாம் அகப்பட்டுக்கொள்வது அவனுடைய குடும்பத்தோடு. அங்கே நமக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லையாகையால் நாம் கடிகாரத்தைப் பார்க்கிறோம். பத்து நிமிஷம் என்ற கணக்கு அப்படித்தான் பிறந்தது என்று ஊகிக்கிறோம்.

மறைத்து வைத்தலே மேன்மை என்று யாரேனும் இதிலிருந்து முடிவு கட்டினால் அவர்களுக்குக் கொரிய நாட்டின் போங் ஜூன்-ஹோ மறுமொழி சொல்வார். 2006இல் அவர் எடுத்த ‘தி ஹோஸ்ட்’ படத்திலே பூதம் முதற் கால் மணித்தியாலத்துக்குள் முழு உடலோடு, பட்டப் பகலில், வெளிப்பட்டுவிடுகிறது. சியோல் நகரின் ஹான் நதிக்கரையில் மக்கள் பொழுதுபோக்கிக்கொண்டிருக்கிறார்கள். பாலத்தின் அடியிலே ஏதோ தொங்குகிறது. அது நீருள் இறங்க, கரையில் நிற்போர் தின்பண்டங்களை வீசி வேடிக்கை பார்க்கிறார்கள். சிறிது நேரத்தில் அது கரையோரமாக, தடுக்கி விழுந்து எழுந்து, ஆட்களை மோதித் தள்ளியபடி ஓடிவருகிறது. மறைப்பே கிடையாது. அந்த அமளியிலே கதாநாயகனான அசட்டுத் தகப்பன் தன் மகளின் கையைப் பற்றிக்கொண்டு ஓடுகிறான். திரும்பிப் பார்த்தால் அது வேறொரு சிறுமியின் கை. அவனுடைய மகளைப் பூதம் வாலாற் சுற்றி நதிக்குள் கொண்டுபோய்விடுகிறது.

அந்த ஒரு கை மாறியதிலிருந்து எஞ்சிய படம் முழுவதும் நடக்கிறது. பூதம் இனி எத்தனை நிமிஷம் வந்தாலும் வராவிட்டாலும் நாம் அந்தத் தகப்பனை விட்டு அகல மாட்டோம். பூதம் எதனாற் பிறந்தது என்பதையும் போங் முதற்காட்சியிலேயே சொல்லிவிடுகிறார். 2000ஆம் ஆண்டில் சியோலிலிருந்த அமெரிக்கப் படைத் தளத்தின் பிணவறையிலிருந்து போர்மலின் திரவத்தை வடிகாலில் ஊற்றச் செய்த உண்மைச் சம்பவமே அதற்கு ஆதாரம். பிகினித் தீவின் சாம்பலுக்கும் இந்த வடிகாலுக்கும் உறவு நெருங்கியது. இவ்விரு பூதங்களுக்கும் பிறப்புச் சான்றிதழ் உண்டு. எங்கே, எப்போது, யார் கையால் என்று குறிப்பிட்டுச் சொல்லக்கூடியவை அவை.

யப்பானில் 2016இல் வெளிவந்த ‘ஷின் கொட்சில்லா’ இன்னொரு வழியை நாடிற்று. அன்னோ ஹிடேயாக்கியும் ஹிகுச்சி ஷிஞ்சியும் சேர்ந்து இயக்கிய அப்படத்தின் பெரும்பகுதி கூட்ட அறைகளிலே கழிகிறது. மந்திரிமாரும் உத்தியோகத்தரும் அறை மாறி அறை கூடிப் பேசுகிறார்கள். 2011இன் பூகம்பத்தையும் கடல்கோளையும் புகுஷிமா அணு உலை விபத்தையும் அனுபவித்த நாட்டில் அந்தக் கூட்டங்களின் தாமதம் எல்லாருக்கும் புரிந்திருக்கும். நகரை எரித்துத் தீர்த்த பூதம் சக்தி ஓய்ந்து, தலைநகரின் நடுவே பல நாட்கள் அசையாமல் நிற்கிறது. அது மீண்டும் விழிக்கும் நாளையும், அதற்குமுன் பிறநாடுகள் போடத் தீர்மானித்த அணுகுண்டு விழும் நாளையும் கீழே மனிதர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நிற்கிற பூதத்தின் நிமிஷங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

கடைசியாக, 2023ஆம் ஆண்டின் ‘கொட்சில்லா மைனஸ் வன்’. யமசாக்கி தக்காஷி எழுதி இயக்கினார். தந்திரக் காட்சிகளையும் அவரே மேற்பார்த்தார். 35 கலைஞர்கள் சேர்ந்து 610 காட்சித் துண்டுகளைச் செய்தார்கள். ஹொலிவுட்டின் கணக்கில் இது ஒரு மூலைக்குக்கூடப் போதாது. ஆயினும் 2024 மார்ச்சில் அக்கலைக்கான ஒஸ்கார் விருது அவர்களுக்கே கிடைத்தது. எழுபது வருடத் தொடரில் முதல் ஒஸ்கார் அது.

படத்திற் பூதம் பெரிய அளவில் வெளிப்படும் சந்தர்ப்பங்கள் நாலைந்துக்கு மேற் போகா. முதலாவது சந்தர்ப்பம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. 1945, போர் முடியும் தறுவாய். தற்கொலைப் படையைச் சேர்ந்த ஷிக்கிஷிமா என்னும் இளம் விமானி, விமானம் பழுது என்று பொய் சொல்லி ஓடோ தீவில் இறங்குகிறான். அன்றிரவு கரையேறி வரும் கொட்சில்லா இன்னும் பிகினியின் கதிர்வீச்சைக் காணாதது, அளவிற் சிறியது. விமானத்தின் பீரங்கியால் அதைச் சுடும்படி பொறியியலாளர் அவனை வேண்டுகிறார்கள். அவன் ஏறி உட்காருகிறான். விசையிலே விரல் இருக்கிறது. விரல் அசைய மறுக்கிறது. விடியும்போது அவனும் தலைமைப் பொறியியலாளரும் தவிர ஏனையோர் பிணமாகக் கிடக்கிறார்கள்.

தாயகம் திரும்பும் கப்பலிலே அந்தத் தலைமைப் பொறியியலாளர் ஒரு வார்த்தையும் பேசாமல் அவன் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போகிறார். பிரித்துப் பார்த்தால் சிறு சிறு புகைப்படங்கள்: மாண்டவர்கள் தத்தம் சட்டைப்பையில் வைத்திருந்த மனைவிமாரின், குழந்தைகளின் படங்கள். அவன் அவற்றை எறிந்துவிடவில்லை. எரிந்துபோன டோக்கியோவில் தகரக் குடிசை கட்டியபோதும், யாரோ ஒரு பெண்ணும் யாருடையதோ ஒரு குழந்தையும் அவனிடம் வந்து ஒட்டிக்கொண்டபோதும், கண்ணிவெடி அகற்றும் மரப்படகில் வேலைக்குப் போனபோதும் அவை அவனிடமே இருக்கின்றன. இரவில் அவன் திடுக்கிட்டு விழித்தெழுகிறான்; தான் உயிரோடிருக்கிறேனா என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்கிறான். கொட்சில்லா மீண்டும் கடலிலிருந்து எழுவதற்கு இன்னும் நெடுநேரம் இருக்கிறது. அந்தப் புகைப்படங்கள் திரையிலே தெரியும் விநாடிகளைக் கடிகாரக்காரர் எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.